சவளக்கடை வாய்க்காலோரம்

கல்முனையிலிருந்து மேற்கே சென்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் சவளக்கடை. மாரியில் வெள்ளம் இத்தாம்போதியை மூடிவிடும். அப்போது அக்கரையார் படும் பாடு சொல்லி முடியாது. நாம் சென்றதோ மழை ஓய்ந்த மாசி மாதம். இருமருங்கும் கதிர் முற்றிய வயல்கள். வயல் பார்க்கப் போவதாகவே வீட்டில் சொல்லியிருந்தோம். திருத்த வேண்டிய விடைத்தாள்கள் மேசையில் குவிந்திருக்கையில், தூண்டில் போடப் போகிறோம் என்று எவ்வாறு சொல்வது?

தூண்டிற்கலை தெரியும் என்ற செருக்கு எமக்குச் சென்ற ஆண்டு நுவரெலியாவில் உண்டாயிற்று. நண்பரொருவர் அங்கே ட்ரவுட் மீன் பிடிக்கக் கற்றுத்தந்தார். அது இந்நாட்டு மீனன்று. குளிர்நீரிலன்றி வாழாத அம்மீனின் முட்டைகளை ஆங்கிலேயர் 1880களில் கப்பலேற்றிக் கொணர்ந்தனர், பொழுதுபோக்கிற்காக! ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளுக்கே உரிய ஒருவகைச் சிற்றிறாலுக்கு இன்று இவ்விருந்தாளியால் ஆபத்து என்கின்றனர் ஆய்வாளர்.

ட்ரவுட்டுக்கு இரை, இறகும் நூலும் சுற்றிய பொய் ஈ. அதற்கு எடையில்லை, ஆதலால் கனத்த நூலைச் சாட்டைபோல் வீசி, நுனித் தங்கூசியிற் கட்டிய ஈயை நீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். மீன் கவ்விய கணமே தடியை உயர்த்தாவிடின், பொய்யென்று அறிந்து துப்பிவிடும். முள் ஏறியபின்னரோ பொறுமை வேண்டும். நிமிர்த்திப் பிடித்த தடியின் வளைவே மீனின் வலுவைத் தாங்கும். ஓடினால் நூலை விட்டுக்கொடுத்து, ஓய்ந்தால் சுருட்ட வேண்டும். துள்ளினால் தடிநுனியைத் தாழ்த்த வேண்டும். முடிவில் அத்தாங்கை நீருள் அமிழ்த்தி, மீனை அதன்மேல் நடத்திவர வேண்டும். அத்தாங்கோடு மீனைத் துரத்தலாகாது. நாம் துரத்தினோம், இழந்தோம். அது ஒரு முழ மீன் என்பது எமது கட்சி. ஒரு சாண் என்பது நண்பர் கட்சி.

சவளக்கடையில் எமக்கு ஆசான், விரால் பிடித்து விற்றுப் பிழைக்கும் முதிய முஸ்லிம் அன்பர் ஒருவர். மூங்கிற்கம்பு, தங்கூசி, முள்ளிற் கோத்த சிறு தவளை. இவையே அவரது கருவிகள். ஆம்பல் இலைகளிடையே தவளையை ஆடவிட்டோம். நீர் 'பளக்' என்று பிளந்தது. நுவரெலியாப் பாடத்தின்படி உடனே வெட்டி இழுத்தோம். தவளை மட்டுமே கரைக்கு வந்தது.

"ஏன் மாஸ்டர் அவசரம்? விரால் முதல்ல கவ்வும், பிறகுதான் விழுங்கும். மனசுக்குள்ள பத்து எண்ணுங்க," என்றார்.

"சரி காக்கா," என்று மறுமுறை எண்ணினோம். எட்டில் கை துடித்தது, பத்தில் இழுத்தோம். கம்பு வில்லாய் வளைந்தது. "விட்டுக்கொடுக்காதீங்க, கொடிக்குள்ள போயிரும்!" என்று கூவினார். ஆம், சுருட்டவும் நெகிழ்த்தவும் இங்கே கருவியில்லை. கொடியில் நுழையுமுன் கரையேற்றுவதே வழி. ஒருவாறு ஏற்றினோம்.

உடன்வந்த எம் மாணவன் அப்போது சற்று அப்பால், நீர்மேற் கொதிப்பதுபோல் தோன்றிய செந்நிறத் திரளொன்றைக் கண்டு அங்கே தூண்டிலை ஓங்கினான். முதியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்குப் போடாத மனே. பார்ப்பு நிக்குது."

விராற்குஞ்சுகள் அவை. கீழே பெற்ற மீன் காவல் நிற்கும். அதற்கு அப்போது பசியில்லை. குஞ்சை அணுகும் எதையும் சினந்து தாக்கும். ஆதலால் சிறுபிள்ளையும் அதை எளிதிற் பிடித்துவிடலாம். பிடித்தபின் காவலற்ற பார்ப்பை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும்.

காலையிலிருந்து நின்ற அவருடைய பையில் அன்று ஒரே ஒரு விரால். எம் கையில் கம்பு இருந்திருந்தால், தடுக்க எவரும் இல்லாதிருந்தால், அத்திரளின்மேல் தவளையை நாமும் வீசியிருப்போம்.

நாம் பிடித்ததை அவர் பையிலிட முயன்றோம். "இது உங்கட மீன் மாஸ்டர்," என்று ஓலையிற் கோத்து எம் கையிலேயே தந்துவிட்டார். பொழுது சாய்ந்து தாம்போதியை அடைந்தபோதும் அது இடையிடையே துடித்துக்கொண்டிருந்தது. வயல் பார்த்து வந்தவர் கையில் விரால் எப்படி வந்ததென்று வீட்டில் கேட்பார்களே என்று மாணவனிடம் யோசனை கேட்டோம். அவன் சிரித்தானேயன்றி வழி சொல்லவில்லை.