கேட்பதை நோக்கி

லண்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஈஸ்ட் ஹாமில் மாலை நேர ஆங்கில வகுப்புக்குப் போனேன். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பாடம். கடிதத்தை 'ஐ லுக் ஃபார்வர்டு டு ஹியர் ஃப்ரம் யூ' என்று முடித்திருந்தேன். ஆசிரியை 'ஹியர்' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, மேலே 'ஹியரிங்' என்று எழுதினார். ஏன் என்று கேட்டேன். அப்படித்தான் எழுதுவோம் என்றார்.

எனக்கு அது போதவில்லை. 'ஐ வாண்ட் டு கோ' என்றல்லவா யாழ்ப்பாணத்தில் படித்தோம்? இதற்கு மட்டும் ஏன் வால்?

அதே வரியைத் தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எதிர்நோக்குகிறேன். ஃபார்வர்டு எதிர், லுக் நோக்கு. 'பதிலை எதிர்நோக்குகிறேன்' என்போம். 'கேட்க எதிர்நோக்குகிறேன்' என்றால் காது ஏற்காது. 'கேட்பதை' என்றாக வேண்டும். ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கத்தில் படித்த இரண்டாம் வேற்றுமை. ஐ உருபு பெயரைத்தான் பற்றும். இங்கே 'டு' செய்வதும் அந்த ஐயின் வேலைதான். கேள் கேட்டலாவது போல ஹியர் ஹியரிங் ஆகிறது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'யுவர் ரிப்ளை' என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அது பெயருக்குரிய இடம். 'ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்' என்பதும் இப்படித்தான்: நடப்பது எனக்குப் பழகிவிட்டது. 'ஐ யூஸ்டு டு வாக்' என்றாலோ, முன்பு நடப்பேன். வள்ளிசாக வேறு பொருள்.

என் தாய்மொழி கைகொடுத்ததில் அன்று எனக்குப் பெரிய சந்தோசம். அதன்பிறகு ஊராருக்குக் கடிதங்கள் எழுதிக்கொடுத்தேன். 'டியர் சர்' என்று தொடங்கினால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. எல்லாக் கடிதத்திலும் கையெழுத்துக்கு மேலே அந்த 'ஹியரிங்' வரி.

மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட விண்ணப்பித்து, பதினான்கு மாதமாகப் பதிலில்லாமல் இருந்த அண்ணை ஒருவர் வந்தார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன்.

"தம்பி, லுக் ஃபார்வர்டு எண்டால் சந்தோசமாய்ப் பாத்துக்கொண்டிருக்கிறதெல்லோ?"

"ஓமண்ணை. ஆனால் இது மரியாதைக்கு எல்லாரும் எழுதுற வரி."

"நான் சந்தோசமாய் இல்லையே."

இலக்கணத்தில் பிழையில்லை. ஆனாலும் அது அவருடைய வரியில்லை. அடித்துவிட்டு எழுதினேன்: 'ஐ ஹாவ் பீன் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை ஃபார் ஃபோர்ட்டீன் மந்த்ஸ்.' சொல் சொல்லாகத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.