மொறிஸ் மைனரும் ஒரு பெரிய காபரேற்றரும்

பழைய சிறிய கார் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு என்றோ ஒருநாள் அந்த ஆசை பிறந்துவிடுகிறது. எஞ்சினைத் தொடாமல் காபரேற்றரை மட்டும் பெரிதாக்கிவிட்டால் கார் புத்துயிர் பெற்றுவிடும் என்ற நம்பிக்கை அது. என் அக்காவின் மகனையும் இப்போது அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவனிடம் இருப்பது என் தந்தையார் ஓட்டிய மொறிஸ் மைனர் 1000. 1098 சிசி எஞ்சின், நான்கு சிலிண்டர், பக்கவாட்டில் ஒற்றை எஸ்.யு. காபரேற்றர். தொழிற்சாலைக் கணக்கில் 48 குதிரைவலு. 2002 இல் ஏ9 வீதி திறந்த பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை நீடித்த காலத்தில், அழகுக்கு நின்ற கார் அவனுடைய அன்றாட வாகனமாயிற்று.

"மாமா, வெபர் 45 போட்டால் கார் பறக்கும் எண்டு எல்லாரும் சொல்லுகினம். என்ன சொல்லுறியள்?" என்று கேட்டான்.

அவன் சேர்த்து வைத்திருக்கும் பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். வெபரை வாங்கினால், எஞ்சினின் தலையைக் கழற்றி வால்வுகளைச் சீர்செய்யும் வேலை ஒத்திப்போகும். அதைவிட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. வேலையைச் செய்ய முன்வந்த கராஜ்காரர், பழைய காபரேற்றரையும் அதன் குழாயையும் கூலியில் ஒரு பங்காக எடுத்துக்கொள்வதாகக் கூறியிருக்கிறார். போனால் திரும்பி வராத பொருள் அது.

கணக்கிலிருந்து தொடங்குவோம். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை உள்ளிழுக்கும். 1098 சிசி எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடும்போது, எந்த இழப்பும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், செக்கனுக்கு ஏறத்தாழ 46 லீற்றர் காற்றே அதற்குத் தேவை. காலி வீதியிலும் பம்பலப்பிட்டிச் சந்தியிலும் ஓடும் காருக்கு அதில் பாதியும் தேவைப்படாது. காபரேற்றரின் தொண்டை தேவைக்கு மேல் அகலமானால் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் பெற்றோல் மெல்லிய தூவலாகப் பிரியாமல் துளிகளாகக் குழாயின் சுவரில் படிகிறது. அக்சிலேற்றரை மிதித்தவுடன் கார் ஒரு கணம் தயங்கி, பின்பு உதறிக்கொண்டு பாய்வதற்குக் காரணம் இதுதான். இளைஞர்கள் அந்த உதறலை வலு என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

மைனரில் இருந்த எஸ்.யு. காபரேற்றரின் வாய் 1¼ அங்குலம். அதன் மூலம் ஒரு சப்பாத்து வணிகக் குடும்பம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஸ்கின்னர் குடும்பத்துச் சகோதரர்கள் கண்டுபிடித்த அந்தக் கருவியில் ஆரம்பத்தில் தோல் துருத்தியே இருந்தது. எஸ்.யு. என்ற எழுத்துகளும் ஸ்கின்னர்ஸ் யூனியன் என்பதன் சுருக்கமே. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே ஒரு பிஸ்ரன் உயர்ந்து வாயைத் திறக்கும். அதனோடு இணைந்த கூம்பு ஊசி, அதற்கேற்ற பெற்றோலை விடும். தொண்டையின் அளவை எஞ்சினே தீர்மானிக்கும் இந்த ஏற்பாட்டை நான் இன்றும் வியக்கிறேன். வெபரில் அப்படியில்லை. உட்தொண்டை, பிரதான ஜெற், காற்று ஜெற், ஓய்வு ஜெற் என ஒவ்வொன்றையும் மனிதன் தேர்ந்தெடுக்க வேண்டும். பந்தயக் காருக்கு அது வரம். சந்தைக்குப் போகும் காருக்கு ஒவ்வொரு ஜெற்றும் தனிச் செலவு.

அவனுக்கு இன்னொரு வரலாற்றையும் எடுத்துச் சொன்னேன். 1958 இல் வந்த ஓஸ்ரின் ஹீலி ஸ்பிறைற், மைனரின் அதே 948 சிசி எஞ்சினைக் கொண்டது. அதில் 1⅛ அங்குல எஸ்.யு. இரண்டைப் பொருத்தினார்கள், மைனரின் 37 குதிரைவலு 43 ஆயிற்று. பந்தயங்களில் பெயர்பெற்ற 1275 சிசி மினி கூப்பர் எஸ் 76 குதிரைவலுவைப் பெற்றதும் இரண்டு 1¼ அங்குலக் காபரேற்றர்களோடுதான். பிற்காலத்து எம்.ஜி. மெற்றோ அதே கொள்ளளவில் ஒற்றை 1¾ அங்குல எஸ்.யு.வோடு 72 எடுத்தது. பரப்பளவைக் கணக்கிட்டால், இரண்டு 1¼ உம் ஒரு 1¾ உம் ஏறத்தாழ ஒன்றே. 48 குதிரைவலு எஞ்சினுக்கு அதையும் தாண்டிய வாய் எதற்கு?

"அப்ப இரண்டு எஸ்.யு. போடலாமோ?" என்றான்.

போடலாம். அழகாகவும் இருக்கும். ஆனால் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு துண்டு றப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டு வாய்களிலும் மாறிமாறிப் பிடித்து, சீறல் ஒலி ஒன்றாகும் வரை திருத்துவார்கள். யாழ்ப்பாணத்தில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் மெக்கானிக் ஐயா ஒருவரை எனக்குத் தெரியும். கொழும்பில் இன்று அத்தகைய காதுகள் எத்தனை?

அந்த ஒற்றைக் காபரேற்றர்மீது எனக்குள்ள மதிப்புக்கு வேறு காரணமும் உண்டு. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் பெற்றோல் இல்லாது போனபோது, தந்தையாரின் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேற்றரின் வாயில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைச் சூடாக்கிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. புகைக் குழாயை ஒட்டிய உள்ளிழுப்புக் குழாயின் சூடு அதற்குத் துணை செய்தது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும், கண் எரியும், ஊரெல்லாம் ஒரே மணம். ஆயினும் அந்தக் காரில் நோயாளிகளும் பிரசவத்துக்குப் போன பெண்களும் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். அக்காவே அப்படிப் போனவர். சுமந்து போன பிள்ளைதான் இப்போது வெபர் கேட்கிறான்.

மிகவும் சொன்னால் ஒன்றைச் சொல்வேன்: 1½ அங்குல எஸ்.யு. ஒன்று. வாயின் பரப்பு பழையதைவிட நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். பொருத்தமான குழாயும் சரியான ஊசியும் வேண்டும். ஆனால் அதற்கும் முன்னே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. வால்வு இடைவெளி 12 தவு இருக்கிறதா? தீப்பொறி நேரம் சரியா? திறொட்டில் தண்டு தேய்ந்து ஆடுகிறதா? அறுபது ஆண்டுக் காபரேற்றரில் தண்டு பெரும்பாலும் தேய்ந்தே இருக்கும். அந்த இடுக்கால் புகும் காற்றுக்கு எந்த ஊசியும் கணக்கு வைக்காது. 2022 இல் கியூ.ஆர். அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கிய நாட்களை மறந்துவிட்டவர்களுக்குத்தான் பெற்றோலைச் சுவரில் பூசும் காபரேற்றர் பொருந்தும்.

அவன் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. இளம் வயதில் அது இயல்பு. ஆனால் பழைய காபரேற்றரைக் கராஜில் கொடுக்காமல், புதிய தண்டும் புஷ்ஷும் போட லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறான். வால்வு வேலையும் முதலில் நடக்கிறது. பொருத்தியபின் எஞ்சினைச் சூடாக்கி, பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஓட்டம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம்; அணைந்தால் குறைவு; ஒரு கணம் ஏறித் தணிந்தால் சரி. 1½ அங்குலம் வேண்டுமா என்பதை அதன்பின் நானூறு மைல் ஓட்டி, பிளக்குகளைக் கழற்றி நிறம் பார்த்துத் தீர்மானிப்பதாக இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.