வாலும் வாளும்

ஃப்ளோரிடா பயணத் தொடர்

டாம்பா நகரத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வீக்கி வாச்சி வந்துவிடும். ஊர் என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கிற இடத்தில் சில கடைகள், பெட்ரோல் பங்க், பக்கத்தில் ஒரு ஊற்று. அந்த ஊற்றுக்குள் 1947-லிருந்து கடற்கன்னிகள் நீந்துகிறார்கள். 2008-ல் இந்த இடம் மாநிலப் பூங்காவாகிவிட்டதால், இப்போது வாலை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறவர்கள் எல்லோரும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், "இதுக்கு டிஎன்பிஎஸ்சி மாதிரி பரீட்சை உண்டாக்கா?" என்று தம்பி கேட்டான். உண்டு. நீச்சலிலும் மூச்சடக்குவதிலும் தேற வேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி. நம்மூர் குரூப் ஃபோரே தேவலாம்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவர் நியூட்டன் பெர்ரி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். 1946-ல் அவர் இங்கே வந்தபோது ஊற்றுக்குள் துருப்பிடித்த ஃப்ரிட்ஜுகளும் ஓட்டைக் கார்களும் கிடந்தன. அதையெல்லாம் அள்ளிப் போட்டுவிட்டு, சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, நீர்மட்டத்துக்கு 6 அடி கீழே 18 பேர் உட்காருகிற மாதிரி ஒரு சின்ன அரங்கம் கட்டினார். முதல் காட்சி 1947 அக்டோபர் 13. அன்றைக்கு அந்தச் சாலையில் எப்போதாவதுதான் ஒரு வண்டி வரும். இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், பெண்கள் நீச்சலுடையோடு சாலையோரத்துக்கு ஓடிப்போய்க் கையாட்டி வண்டியை நிறுத்துவார்கள். கார் நின்றதும் எல்லோரும் ஓடிவந்து தண்ணீரில் குதிப்பார்கள், காட்சி ஆரம்பமாகிவிடும். கிரேக்கக் கதைகளில் கடற்பெண்கள் பாடிப் பாடிக் கப்பலைக் கவிழ்த்தார்களாம். இவர்கள் நிறுத்தியது குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனவர்களின் காரை.

இப்போதிருக்கிற அரங்கம் அமெரிக்கன் பிராட்காஸ்டிங் கம்பெனி 1959-ல் இந்த இடத்தை வாங்கிய பிறகு கட்டியது. 400 இருக்கைகள். 1961-ல் எல்விஸ் பிரெஸ்லியும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் போனது ஜனவரி மாதக் காலை. ஸ்வெட்டர் போட்டும் குளிர் விடவில்லை, தண்ணீரின் மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஊற்றுநீரின் வெப்பம் வருஷம் முழுக்க ஒரே அளவுதான், 74 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 23 செல்சியஸ் சுமார். கை நனைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள்ளேயே அரை மணி நேரம் கிடந்து பாருங்கள், உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும்.

திரை விலகுவதற்குப் பதிலாகக் கண்ணாடிக்கு அப்பால் காற்றுக் குமிழிகள் திரண்டு எழும்பி, கலைந்தன. நீலத்துக்குள்ளிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். பாட்டு ஒலிக்கிறது, அவள் வாயசைக்கிறாள், சிரிக்கிறாள். கூட்டம் வாலையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அவள் வலது கையைப் பார்த்தேன். பாறை இடுக்கில் ஒரு ரப்பர் குழாய் செருகியிருக்கிறது. பாட்டில் ஓர் அடி முடிகிற இடத்தில் அதை எடுத்து வாயருகே வைத்து ஒரு இழுப்பு, உடனே திருப்பிச் செருகிவிட்டு மறுபடியும் சிரிப்பு. குழாயில் சதா காற்று வந்துகொண்டே இருக்கும். கரையிலுள்ள கம்ப்ரஸர் அனுப்புகிற காற்று அது. பெர்ரி கண்டுபிடித்த உத்தி இதுதான், முதுகில் சிலிண்டர் வேண்டாம், முகத்தில் கவசம் வேண்டாம்.

மேலே போவதும் கீழே வருவதும்கூட அந்த மூச்சில்தான் இருக்கிறது. நெஞ்சு நிறைய இழுத்தால் உடம்பு தானாக எழும்பும், கொஞ்சம் விட்டால் தாழும். ஒரே மட்டத்தில் அசையாமல் நின்று வாழைப்பழம் தின்று காட்ட வேண்டுமானால் நுரையீரலுக்குள் காற்றைத் துல்லியமாக அளந்து வைத்திருக்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆழத்தில் இழுத்த காற்று அழுத்தம் கூடிய காற்று. அதை அடக்கிக்கொண்டே சட்டென்று மேலே வந்தால் நுரையீரலுக்குள் விரிந்து கிழித்துவிடும். ஆகவே ஏறும்போதெல்லாம் மூச்சை விட்டுக்கொண்டே ஏறுகிறார்கள். நமக்கு அது அழகான குமிழி வரிசையாகத் தெரிகிறது.

கண்ணில் கண்ணாடி கிடையாது. எங்கள் முகமெல்லாம் அவளுக்கு வெறும் மங்கல்தான், இருந்தும் முதல் வரிசைக் குழந்தையை நேருக்கு நேர் பார்த்துக் கையாட்டுவது போலவே இருந்தது. நடுவில் ஒரு ஆமை நிதானமாக மேடையைக் கடந்து போனது. கதையில் வில்லி கோபமாக நீந்தி வருகிற கட்டம். அவள் ஒரு கணம் ஒதுங்கி ஆமைக்கு வழிவிட்டு, பிறகு கோபத்தைத் தொடர்ந்தாள். அன்றைய காட்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான்.

இங்கே முன்பு வேலை பார்த்து ஓய்வுபெற்ற கன்னிகளும் உண்டு. அறுபது எழுபது வயதைத் தாண்டியவர்கள்கூட வால் மாட்டிக்கொண்டு குறிப்பிட்ட நாட்களில் வந்து நிகழ்ச்சி நடத்துகிறார்கள். 1997-ல் பொன்விழாவுக்காக ஒன்றுகூடியவர்கள் அப்புறம் நிறுத்தவே இல்லை. ஊருக்கும் ஒரு கதை உண்டு. வரைபடத்தில் பெயர் வரட்டும் என்று 1966-ல் இந்த இடத்தைத் தனி நகரமாகவே பதிவு செய்தார்கள். மக்கள்தொகை பத்துப் பன்னிரண்டு பேர். பிற்காலத்தில் மேயராக இருந்தவரும் ஒரு முன்னாள் கடற்கன்னி. 2020-ல் மாநில சட்டமன்றம் அந்த நகராட்சியைக் கலைத்துவிட்டது.

நான் டாம்பாவில் தங்கியிருந்தது அக்கா மகள் வீட்டில். அவளுக்குப் பகலெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை கடற்கன்னி. வீக்கி வாச்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவளும் அவள்தான். இந்தப் பொழுதுபோக்கு இன்று நிறைய நாடுகளில் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பே ஆனெட் கெல்லர்மன் என்ற ஆஸ்திரேலிய நீச்சல்காரி மௌனப் படங்களுக்காக வால் மாட்டி நீந்தினார். 1984-ல் 'ஸ்ப்ளாஷ்' படம் வந்த பிறகு ஆசை பரவியது. முக்குளிப்புச் சான்றிதழ் கொடுக்கிற 'பாடி' (PADI) போன்ற அமைப்புகளே இப்போது கடற்கன்னி நீச்சலுக்கும் பாடத்திட்டம் வைத்திருக்கின்றன.

வாலில் இரண்டு ஜாதி. நீச்சலுடைத் துணியில் தைத்து உள்ளே மோனோஃபின் என்கிற ஒற்றைத் துடுப்பைச் செருகியது நூறு இருநூறு டாலருக்குக் கிடைக்கும். சிலிக்கனில் வார்த்தது ஆயிரக்கணக்கான டாலர், எடையும் பதினைந்து கிலோவுக்கு மேல் போகும். தண்ணீருக்குள் கனம் தெரியாது, கரையில் இரண்டு பேர் தூக்க வேண்டும். அக்கா மகளிடம் இருப்பது துணி வால். நீச்சல்குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, காலை நனைத்து, ஈரத் துணியைக் கணுக்காலிலிருந்து அங்குலம் அங்குலமாக இழுத்து இடுப்புவரை ஏற்றினாள். ஒரே பலகையான துடுப்புக்குள் இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் பட்டையால் இறுக்கப்பட்டிருந்தன.

"சித்தி, காலை உதைக்காதீங்க. நெஞ்சுலேர்ந்து அலை மாதிரி வரணும்."

"எனக்கு நெஞ்சுலேர்ந்து இருமல்தான்டி வரும்" என்றேன். ஆனாலும் வால் இல்லாமல் வெறும் மோனோஃபினை மாட்டிக்கொண்டு இறங்கினேன். நெஞ்சை அழுத்தி, வயிற்றை வளைத்து, தொடைவரை அலையை அனுப்பினால் கடைசியில் துடுப்பு தானாகச் சொடுக்குகிறது, உடம்பு அம்பாய்ப் பாய்கிறது. மறுநாள் வலித்தது கால் இல்லை, அடிவயிறு.

கடற்கன்னி நீச்சல்காரர்கள் கூட்டத்தில் கண்டிப்பான விதி ஒன்று இருக்கிறது. தனியாக யாரும் வால் மாட்டக் கூடாது. கால் இரண்டும் கட்டுண்டு கிடப்பதால் தண்ணீருக்குள்ளேயே வாலை உதறிக் கழற்றுவதை முதலில் பழகுகிறார்கள். குழந்தைகள் விளையாட்டுச் சாமானாக இதை மாட்டிக்கொண்டு இறங்குவதைப் பல நீச்சல்குளங்கள் தடை செய்திருப்பதும் இதனால்தான்.

ஜனவரிக் கடைசிச் சனிக்கிழமை டாம்பாவில் கடற்கொள்ளையர் ராஜ்ஜியம். காஸ்பரில்லா திருவிழா. 1954-ல் கட்டிய மூன்று பாய்மரக் கப்பல் வளைகுடாவில் வருகிறது. கம்பீரமான கப்பல், ஆனால் சொந்த இன்ஜின் இல்லை, இழுவைப் படகுகள்தான் இழுத்து வருகின்றன. பின்னால் நூற்றுக்கணக்கான படகுகள், பீரங்கி முழக்கம். கொள்ளையர் இறங்கி மேயரிடம் நகரச் சாவியைக் கேட்கிறார்கள். பிறகு பேஷோர் சாலையில் ஊர்வலம். வண்டிகளிலிருந்து பிளாஸ்டிக் மணிமாலைகளை அள்ளி வீசுகிறார்கள், லட்சக்கணக்கான ஜனம் கையை நீட்டிக்கொண்டு கத்துகிறது. வைர நெக்லஸ் போட்ட ஒரு பாட்டி, பச்சை பிளாஸ்டிக் மாலைக்காக என்னை முழங்கையால் இடித்துத் தள்ளினார்.

திருவிழாவின் நாயகன் ஹோசே காஸ்பர் என்கிற ஸ்பானியக் கொள்ளைக்காரன். 1821-ல் அமெரிக்கப் போர்க்கப்பலிடம் சிக்காமல் இடுப்பில் நங்கூரச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு கடலில் குதித்தானாம். அப்படி ஒருத்தன் இருந்ததற்கு ஸ்பெயின் ஆவணங்களிலும் சான்று இல்லை, அமெரிக்க ஆவணங்களிலும் இல்லை. ஒரு ரயில்வே கம்பெனி தன் ஓட்டலுக்கு ஆள் சேர்க்க இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்ட விளம்பரப் புத்தகம்தான் அவனை ஊருக்கெல்லாம் அறிமுகம் செய்தது. 1904-ல் நகரப் பிரமுகர்கள் சிலர் வேஷம் போட்டுக் குதிரையேறி வந்தார்கள், விழா பிறந்தது. அந்தப் பிரமுகர்கள் அமைத்த சங்கத்தில் நெடுங்காலம் வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டுமே இடம். அதைக் கேள்வி கேட்டபோது, கறுப்பர்களைச் சேர்ப்பதற்குப் பதில் 1991-ம் வருஷ ஊர்வலத்தையே ரத்து செய்தார்கள். மறுவருஷ ஊர்வலத்துக்குத்தான் இறங்கி வந்தார்கள். இன்று பெண்கள் குழு, லத்தீன் குழு என்று பலவும் ஊர்வலத்தில் வருகின்றன. நல்லது. ஆனால் நாள் முழுக்கப் பார்த்ததில் கத்தலும் பியரும் தவிரக் கலையென்று சொல்ல எனக்கு அதிகம் அகப்படவில்லை. ஊற்றுக்குள் நடப்பதும் விளம்பரத்துக்காகப் பிறந்ததுதான். அங்கே எழுபது வருஷத்துக்கு மேலாக ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது, இங்கே கூட்டம் மட்டும் வளர்ந்திருக்கிறது.

கொள்ளையர் வேஷத்தைச் சிரத்தையாக எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அக்கா மகளோடு வேலை பார்க்கிற ஒருவர் அந்த ரகம். காஸ்பரில்லா பக்கமே வர மாட்டார். ராபர்ட் சியர்ல் என்ற நிஜக் கொள்ளையன் 1668-ல் செயின்ட் அகஸ்டின் ஊரைச் சூறையாடியதை அங்கே ஆண்டுதோறும் மார்ச்சில் நடித்துக் காட்டுகிறார்கள், அதற்குப் போகிறவர் இவர். தன் லினன் சட்டையைக் காட்டினார். முழுக்கக் கைத்தையல். வெளியே தெரியாத உள்மடிப்பிலும் மெஷின் தையல் கூடாதாம். ஜிப் கூடாது, பிளாஸ்டிக் பொத்தான் கூடாது, கைக்கடிகாரத்தைக் காரிலேயே விட்டுவிட வேண்டும். ஒற்றைக்கண் பட்டையைப் பற்றிக் கேட்டதற்கு முகத்தைச் சுளித்தார். சினிமாக் கொள்ளையர் பேசுகிற அந்த 'ஆர்ர்' கர்ஜனையும் 1950-ல் வந்த 'டிரெஷர் ஐலண்ட்' படத்தில் ராபர்ட் நியூட்டன் என்ற நடிகர் தன் ஊர்ப்பக்கத்து உச்சரிப்பில் பேசியது, அவ்வளவுதான் என்றார்.

சியர்ல் தான் கைப்பற்றிய ஸ்பானியச் சரக்குக் கப்பலுக்குள் ஆட்களை ஒளித்துக்கொண்டு வந்தான். ராத்திரியில் ஊருக்குள் புகுந்து சுமார் 60 பேரைக் கொன்றார்கள். கறுப்பர்களையும் பூர்வகுடிகளையும் அடிமையாக விற்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் எப்படி நடித்துக் காட்டுவீர்கள் என்று கேட்டேன். துப்பாக்கிச் சண்டையை நடிக்கலாம், மற்றதை நின்று எடுத்துச் சொல்லத்தான் முடியும் என்றார். அந்தச் சூறையாடலுக்குப் பிறகுதான் ஸ்பானியர்கள் மரக்கோட்டையைக் கைவிட்டு, 1672-ல் சிப்பிக் கல்லால் கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். அது இன்றும் நிற்கிறது, அடுத்த பகுதியில் அங்கேதான் போகிறோம்.

ஜனவரிக் கடைசியில் டாம்பா போகிறவர்கள் வெள்ளிக்கிழமை வீக்கி வாச்சி, சனிக்கிழமை காஸ்பரில்லா என்று வைத்துக்கொள்ளலாம். மணிமாலை கையில் கிடைத்தால் வளைகுடாவில் வீசாதீர்கள், மீனுக்கும் கடற்பசுவுக்கும் ஆகாது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யோசிக்காமல் ஊற்றுக்குப் போங்கள். கொள்ளையரையும் விட மனசில்லை என்பவர்களுக்கு அந்தப் பூங்காவிலேயே சறுக்குமரங்களோடு ஒரு நீர்விளையாட்டுத் திடல் இருக்கிறது. பெயர் பக்கனீர் பே, அதாவது கொள்ளையர் வளைகுடா. கோடையில் மட்டும்தான் முழு நேரமும் திறந்திருக்கும்.

(தொடரும்)