லிஃப்ட் பக்கம் ஆயில் ஒழுகுதா?

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில், மினி டிராக்டரின் லிஃப்ட் பக்கம் ஆயில் ஒழுகுவதாக ஒரு வாசகர் கேட்டிருந்தார். எனக்கும் அதே தொல்லை வந்தது. நான் பட்ட பாடு அவருக்கு உதவலாம்.

ஈரோடு மாவட்டத்தில் எங்களுக்கு 3 ஏக்கர். மஞ்சளும் வாழையும்தான் வெள்ளாமை. வைகாசியில் மழை பெய்து, மஞ்சள் நடவுக்கு நிலம் நல்ல பதத்தில் இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால், வண்டிக்கு அடியில் தோசைக்கல் அகலத்துக்கு ஆயில். ரொட்டவேட்டர் திக்கித் திக்கி மேலே ஏறியது. வீட்டில் மீதியிருந்த இன்ஜின் ஆயிலில் ஒரு லிட்டரை ஊற்றினேன். அதுவும் ஒழுகிவிட்டது.

டவுனிலிருந்து வந்த மெக்கானிக், லிஃப்ட் பெட்டிக்குக் கீழே இருந்த ஈரத்தைப் பார்த்ததும், "சீல் செட் போயிடுச்சுங்க. மொத்தமா பிரிக்கணும், 12,000 ரூபாய் ஆகும், நாலு நாள் வேணும்" என்றார். நாலு நாளில் நிலம் காய்ந்துவிடும்.

எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், லாரி பட்டறையில் பல வருஷம் இருந்தவர். அவரை அழைத்து வந்தேன். "முதல்ல கழுவு கண்ணு, அப்புறம் பேசலாம்" என்றார். டீசலும் பிரஷும் கொண்டு பின்பக்கம் முழுக்கத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்தோம். மேலே தூவப் பவுடர் கேட்டார். பவுடர் தீர்ந்திருந்ததால் பூஜை அறையிலிருந்து விபூதி வந்தது. (வீட்டுக்காரி முறைத்தது தனிக்கதை.)

வண்டியை ஸ்டார்ட் செய்து லிஃப்டை நாலைந்து முறை ஏற்றி இறக்கினோம். எங்கே கசிகிறது என்று தடவிப் பார்க்க என் மகன் குழாய் பக்கம் கையை நீட்டினான். பெரியப்பா அவன் தோளைப் பிடித்து இழுத்த வேகத்தில் பையன் கீழேயே உட்கார்ந்துவிட்டான். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல 50 மடங்குக்கும் மேல் அந்தக் குழாயில் இருக்குமாம். ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியதுபோலத்தான் தெரியும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ எடுக்கும் நிலைகூட வரலாம். பிறகு தள்ளி நின்று, பழைய காலண்டர் அட்டையை நீட்டித்தான் பார்த்தோம்.

விபூதி காட்டிக்கொடுத்தது. ஈரம் ஆரம்பித்த இடம் லிஃப்ட் பெட்டி இல்லை. அதற்கு மேலே, பம்பிலிருந்து வரும் குழாயின் இணைப்பு. அங்கிருந்து குழாய் வழியாகவே வழிந்து பெட்டியை நனைத்திருக்கிறது. ஆயில் மட்டம் குறைந்ததால் பம்ப் காற்றையும் இழுத்திருக்கிறது. லிஃப்ட் திக்கியதும் அதனால்தான்.

ரொட்டவேட்டரைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, லிவரை மேலும் கீழும் ஆட்டி அழுத்தத்தை விட்ட பிறகே போல்ட்டைத் தொட்டோம். உள்ளே இருந்த ஓ-ரிங் பிளாஸ்டிக் வளையம்போல இறுகிக் கிடந்தது. அதே அளவில், ஆயிலுக்குத் தாங்கும் ரப்பரில் புதிது வாங்கினோம். 30 ரூபாய். பள்ளத்தைத் துடைத்து, ரிங்கில் ஆயில் தடவி உட்கார வைத்து, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினோம்.

செலவு வைத்தது நான் ஊற்றிய இன்ஜின் ஆயில்தான். எங்கள் வண்டியில் கியர் பாக்ஸுக்கும் லிஃப்டுக்கும் ஒரே ஆயில். கலந்ததையெல்லாம் இறக்கிவிட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன ஆயிலை ஊற்றியதில் 4,000 ரூபாய்க்கு மேல் போனது. ஆனாலும் மறுநாளே உழவு ஓட்டிவிட்டோம்.

கேள்வி கேட்ட வாசகர் ஒன்று செய்து பார்க்கலாம். கருவியைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, யாரும் அருகில் போகாமல் கொஞ்ச நேரம் கவனியுங்கள். எங்களுடையது அப்படியே நின்றது. உங்களுடையது தானாக இறங்கினால் கசிவு உள்ளேயும் இருக்கிறது. அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.