கல்லாகிய மரங்கள்

காரைக்குடிப் பக்கத்தவராகிய நமக்குக் கல் புதியதன்று. சுவருக்குச் செம்புராங்கல், படிக்கும் தூணுக்கும் கருங்கல், வடக்கே சிறிது தூரம் போனால் திருமயத்துப் பாறைமீது கோட்டை. மணற்கல்லோ அத்துணைப் பழக்கமில்லை. மதீனாவுக்கு வடக்கேயுள்ள அல்-ஹிஜ்ர் குன்றுகளைப் பற்றி, போய்வந்தவர் சொல்லக் கேட்டதோடு சரி. நம் நாட்டிலேயே அதனைக் காணும் ஆவலில், ஒரு விடுமுறை நாளன்று சுபுஹு தொழுதுவிட்டுக் குடும்பத்தாருடன் வேனில் புறப்பட்டோம்.

திருச்சியைக் கடந்து, பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் முதலில் இறங்கினோம். 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம் படுத்திருக்கிறது, மரமன்று, கல். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்வட்டாரம் கடலடியில் இருந்ததாம்.

நம் உள்ளத்தைப் பிணித்தது திருவக்கரையே. விழுப்புரம் மாவட்டத்துச் செம்மண் மேட்டில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காத்துவரும் பூங்கா அது. மணற்கல் படுகையில் அடிமரங்கள் ஆங்காங்கே கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். கிளையுமில்லை, வேருமில்லை, ஆகவே அங்கே முளைத்தவையல்ல, வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிவந்து மணலில் புதைத்தவை என்பர். நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் சிறுகச் சிறுகப் படிந்து கல்லாயிற்று. வளையமும் கணுவும் அப்படியே தெரிகின்றன. தட்டிப் பார்த்தால்தான் கல்லென்று விளங்குகிறது!

லுஹரைக் கஸ்ராகத் தொழுது எழுந்தபோது, "இரண்டு கோடி வருஷமா? ஆதம் நபிக்கும் முன்னாலயா?" என்றான் நம் வீட்டுச் சிறுவன். உடன் வந்த பெரியத்தா முகம் சுளித்தார். இத்தகைய கேள்வியை அதட்டி அடக்குவதில் நமக்கு உடன்பாடில்லை. பூமியின் வயதைத் திருமறை எண்ணிட்டுக் கூறவில்லை. ஃபாத்திர் அத்தியாயமோ மலைகளின் வெண்மை, செம்மை, கருமைக் கீற்றுகளைச் சுட்டிவிட்டு, அடுத்த வசனத்திலேயே இறையச்சத்தை அறிவுடையோரோடு இணைத்துப் பேசுகிறது. கல்லின் வயதைக் கணிப்பது ஈமானுக்கு எவ்வாறு ஊறாகும்? இதை நாம் சொன்னதும் பெரியத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கணக்கு அல்லாஹ்வுக்குத் தெரியும். நீ நல்லாப் படி" என்றார்.

கண்ணாடி அலமாரியில் வைக்கவென்று இக்கற்களைப் பெயர்த்துச் செல்வோரும் உண்டு. போன துண்டு மறுபடி முளைப்பதில்லை. நம் சிறுவன் கையிலும் விரலளவு துண்டொன்று இருந்ததைப் பெரியத்தாவே முதலில் கண்டார்.

"இது அமானிதம். எடுத்த இடத்துலயே வச்சிரு அத்தா."

அவன் திரும்ப நடந்து, எடுத்த இடத்தைத் தேடித் தேடிப் பார்த்து, வளையம் மேலே தெரியும்படி வைத்துவிட்டு வந்தான்.