மாவிற் பிறந்த நெகிழி

வேனிற்காலத்தில் தமிழ்நாட்டு மகளிர் வடகம் இடுவர். அரிசி மாவை நீரிற் கரைத்துக் காய்ச்சிய கூழைத் துணியின்மேல் மெல்லிதாகப் பரப்பி வெயிலில் உலர்த்துவர். ஈரம் உள்ளவரை அஃது எளிதில் வளையும். ஈரம் முற்றும் அகன்றபின் விரல் பட்டாலே ஒடியும். மீண்டும் நீரில் இட்டால் குழையும். மாவிலிருந்து நெகிழி செய்ய முயலும் அறிஞர் எதிர்கொள்ளும் இடர்கள் இவ்வடகத்தினிடத்தே விளங்கக் காணலாம்.

அம்முயற்சிதான் எதற்கு? 1907-ஆம் ஆண்டில் பேக்லண்ட் என்பார் பேக்கலைட்டை உருவாக்கினார். அதன்பின் செயற்கை நெகிழிகள் பல தோன்றி உலகெங்கும் பரவின. இலேசானது, நனையாதது, மலிவானது என்று மக்கள் அவற்றைப் போற்றினர். ஆனால் எளிதில் அழியாத இயல்பே பின்னர்க் குற்றமாயிற்று. எறிந்த பை சாக்கடையை அடைக்கின்றது; ஆவின் வயிற்றிற் புகுந்து அதன் உயிரையும் வாங்குகின்றது. ஆதலின், ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டரசு 2019 சனவரி முதல் நாள் தொட்டுத் தடை செய்தது. எனினும், தடை விதித்த அளவில் தேவை ஒழிந்துவிடுமோ? பண்டத்தைப் பொதிந்து கொடுக்க வணிகர்க்கு ஏதேனும் ஒன்று வேண்டுமன்றோ? எனவே, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு செரிக்கத்தக்க மாப்பொருளின்பால் அறிஞர் கருத்துச் சென்றது. சோளம், உருளைக்கிழங்கு, மரவள்ளி ஆகியவற்றில் மாப்பொருள் மிகுதி. சேலத்து வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் சவ்வரிசியும் எடுக்கும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது.

மாப்பொருள் என்பது குளுக்கோசு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலிகளால் ஆயது. ஈரம் நீங்கியதும் இச்சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. அசைய இடமின்மையால், வளைக்குங்கால் முறிகின்றன. கஞ்சியிட்டு உலர்த்திய வேட்டியைத் தேய்க்குமுன் நீர் தெளிப்பதை நோக்குக. நீர் சங்கிலிகளின் இடையே புகுந்து பிடியைத் தளர்த்துகின்றது, விறைப்பும் தணிகின்றது. ஆயினும் நீர் விரைவில் ஆவியாகிவிடும். எளிதில் ஆவியாகாத துணைப்பொருள் ஒன்று வேண்டும். அதுவே கிளிசரால். சுவீடன் நாட்டு வேதியியல் அறிஞர் சீலே 1779-இல் ஆலிவ் எண்ணெயிலிருந்து பிரித்தறிந்த இன்சுவை நீர்மம் இது. சவர்க்காரத் தொழிலிலும் துணைவிளைவாகக் கிடைப்பது.

மாப்பொருள் 100 பங்கிற்குக் கிளிசரால் 20 முதல் 40 பங்கு வரை சேர்ப்பது பெரும்பான்மை வழக்கம். குறைந்தால் தாள் ஒடியும். மிகுந்தால் பிசுபிசுத்து வலியிழக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். மென்மை பெற்ற அளவிற்கு உறுதி குறைதல் இதன் இயல்பு.

குறைந்த உறுதியை மீட்கக் கனிமங்கள் துணைபுரிகின்றன. சுண்ணாம்புத்தூள், மாக்கல்தூள் முதலியன நிரப்புப் பொருள்களாகச் சேர்க்கப்படுகின்றன. அவற்றினும் நுண்ணியது மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண். புத்தகத்தின் ஏடுகள்போல் அடுக்கப்பெற்ற இதன் ஓர் ஏட்டின் கனம், மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் ஏறத்தாழ ஒரு பங்கே! இவ்வேடுகள் பிரிந்து மாவினுள் பரவுமாயின், நூற்றுக்குச் சில பங்கு களிமண்ணே தாளின் வலிமையைப் பெருக்கும். நீராவியும் நேரே ஊடுருவ இயலாமல், ஏடுகளைச் சுற்றி வளைந்து செல்ல நேரும். அதனால் நீராவி கடக்கும் விரைவு குறையும். ஆனால் களிமண் பிரியாது கட்டிபட்டுக் கிடந்தால், கட்டியுள்ள இடத்திலேயே தாள் கிழியத் தொடங்கும். ஆகவே, சேர்க்கும் அளவோடு கலக்கும் முறையும் கருதற்பாலது.

இத்துணை செய்தும் மழையில் நெடுநேரம் நனைந்தால் இத்தாள் தாங்காது. அதுபற்றியே பிற மட்கும் பொருள்களோடு இதனைக் கலந்து வழங்குகின்றனர். மட்கும் என்று கருதிக் கண்டவிடத்து எறிவதும் தகாது. ஈரமும் வெப்பமும் நுண்ணுயிரும் அமையாத இடத்தில் இதுவும் நெடுநாள் கிடக்கும். உணவுக்குரிய கிழங்கு பைக்கெனப் பெரிதும் செலவாகாமற் காப்பதும் கடமை.

ஆதலால் எல்லாப் பணிக்கும் இதனை ஏவாது, சில திங்களே நிலைத்தால் போதும் என்னும் பணிகட்கு ஆளுதல் அறிவுடைமை. நாற்று வளர்க்கும் பை அத்தகையது. செடியைப் பையோடு மண்ணில் ஊன்றலாம். வேர் பரவுங்காலத்துப் பை மட்கி, வேருக்கு வழிவிடும்.