சொல்லாமல் கொடுத்த மாத்திரை

தேங்காய்த்திட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்துப் பதிவு செய்த மருந்தாளுநர். படித்ததை எல்லாம் கவுண்டருக்குப் பின்னால் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பல வருஷம் வெறும் வியாபாரம் செய்தேன். டாக்சிசைக்ளின் மாத்திரையில் நான் காட்டிய அலட்சியத்தைச் சிலர் தங்கள் உடம்பில் அனுபவித்தார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

காய்ச்சலோ சீழோ, எங்கள் பக்கம் முதலில் மெடிக்கலுக்குத்தான் வருவார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். டாக்சி, சீட்டு இல்லாமல் தரக்கூடாத ஷெட்யூல் எச் மருந்து. அட்டையின் ஓரத்தில் அதற்கென்றே சிவப்புக் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் மேலேயே கத்தரி வைத்து ஆறு மாத்திரை வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மீன் விற்கும் அக்கா ஒருவருக்குக் காலில் முள் குத்திச் சீழ் கோத்திருந்தது. காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று கவர் மேல் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். ராத்திரி மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே படுத்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாரடைப்பு என்று பயந்து வீட்டார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈசிஜியில் ஒன்றுமில்லை. எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் நடுவே புண். டாக்சி அமிலத்தன்மை உள்ள மருந்து. தண்ணீர் போதாமல் குழாயில் ஒட்டிக்கொண்டு கரைந்தால் அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும். இது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

தேறியதும் கடைக்கு வந்தார். “நெறையத் தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒக்காந்திருக்கணும்னு டாக்டர் சொன்னாரு. நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?” என்றார். கடையில் கூட்டம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வாங்கிய அன்று கூட்டமே இல்லை.

டாக்சி சேர்ந்த டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948-இல் வெளிவந்தபோது, அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு நேரம் இருந்திருக்கிறது.

அதைவிட வெட்கமானது காசுக்காகச் செய்தது. டாக்சி மலிவு, பில் ஏறாது. அதனால் வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட், அசதிக்கு இரும்புச்சத்து என்று அதே கவரில் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்தே சாப்பிடச் சொல்வேன். டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் இரும்பு, கால்சியம், அலுமினியம், மக்னீசியம் எது எதிர்ப்பட்டாலும் அதோடு பிணைந்துகொள்ளும். அப்படிப் பிணைந்தது ரத்தத்தில் ஏறாமல் கழிவோடு போய்விடும். வளரும் பிள்ளைகளின் பல்லில் பழைய டெட்ராசைக்ளின் கறை படிந்ததும் கால்சியத்தோடு அதற்குள்ள இந்தப் பிணைப்பால்தான். ஆக, மருந்தையும் அதை முறிக்கும் பொருளையும் ஒரே கவரில் போட்டு, இரண்டுக்கும் காசு வாங்கியிருக்கிறேன். பெண்களிடம் நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்டதில்லை. வெயிலில் தோல் எரியும் என்று கடலுக்குப் போகிறவர்களை எச்சரித்ததும் இல்லை.

மழைக்காலத்தை ஒட்டி இங்கே உண்ணிக் காய்ச்சல் வரும். புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்துப் பரவுவது. கடிபட்ட இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல் கருப்புப் பொருக்கு இருக்கும், பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு போன்ற மறைவிடங்களில். கிருமி நம் செல்லுக்குள் புகுந்து வாழ்வதால் பென்சிலின் வகைகள் பலிக்காது. டாக்சி உள்ளே போய்க் கிருமியின் ரைபோசோமைப் பிடித்துப் புரதம் செய்ய விடாமல் தடுக்கும். தீவிர நோயாளிகளுக்கு டாக்சியோடு அசித்ரோமைசினையும் நரம்பு வழியே செலுத்தினால் பலன் கூடுகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது. புதர் வெட்டும் வேலைக்குப் போன ஒருவர் காய்ச்சலோடு வந்தபோது நான் மூன்று நாளைக்கு வெட்டிக் கொடுத்தேன். காய்ச்சல் விட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டார், மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றச் சொன்ன பிறகுதான் அக்குளில் இருந்த பொருக்கு தெரிந்திருக்கிறது. பிழைத்தார். அதில் எனக்குப் பங்கில்லை.

இப்போது சீட்டு இல்லாமல் டாக்சி தருவதில்லை. கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறவர்கள் போகட்டும்.

டாக்சியை ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். இரும்பு, கால்சியம், ஆன்டாசிட் எதுவானாலும் சில மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். டாக்டர் எழுதிய நாள்வரை நிறுத்தாதீர்கள். எந்தக் கடையானாலும், எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லாமல் மாத்திரையை நீட்டினால் கேளுங்கள். கேட்டும் சொல்லாவிட்டால் வாங்காதீர்கள், அது என் கடையாக இருந்தாலும்.